ஒத்தைக் குண்டு ஆசை

இரத்தினபுரி பஸ்ஸுல ஃபோனைத் தேய்ச்சிக்கிட்டே வந்தேன்.
அதுல ஒரு வீடியோவுல யாரோ ஒரு வெள்ளைக்காரர், பழைய மார்ட்டினி-ஹென்றி துவக்கைத் துடைச்சுத் துடைச்சுக் காட்டுறாரு.

1871ல பிரிட்டிஷ் பட்டாளம் எடுத்துக்கிட்ட துவக்கு.
அடியில இருக்கிற நெம்புகோலை இறக்கணும். ஒரு தோட்டா போடணும். மூடணும். சுடணும்.
அடுத்த குண்டுக்கு மறுபடி முதல்ல இருந்து.
இதே அமைப்புலதான் பி.எஸ்.ஏ. கம்பெனி .22 குறிசுடுற துவக்கும் செஞ்சுது. அதுக்கு இப்பவும் அலையுறவங்க இருக்காங்க.

அழகாத்தான் இருக்கு. பொய் சொல்லக்கூடாது.

நம்ம நாட்டுலயும் தோட்டத் துரைமாருக்குன்னே ஒரு ரைஃபிள் படை இருந்துச்சு. 1900ல தொடங்கி 1949ல கலைச்சாங்க. 1915ல கலிப்போலி போர்முனை வரைக்கும் போய், அங்க தளபதியா இருந்த ஜெனரல் பேர்ட்வூட்டுக்குக் காவல் நின்னாங்க.
வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். கங்காணிக்குக்கூட இடமில்ல.

நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச ஒத்தைக் குண்டு, கட்டுத்துவக்குதான்.
பன்னிக்குக் கட்டினது, விடியக்காலையில றப்பர் வெட்டப் போறவங்க காலைப் பிச்சிடும்.
அதை எவனும் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறதில்ல.

நானும் ஒரு மார்ட்டினி-ஹென்றி வாங்கினா என்னன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன் பாருங்க!
நாலடி நீளம். லயக் காம்பராவுல அதைப் படுக்க வச்சா நான் வாசல்ல படுக்கணும்.
1916ஆம் வருஷத்துத் துவக்குச் சட்டம் வேற. லைசன்ஸுக்குப் போனா "எதுக்கு தம்பி?"ன்னு கேப்பாங்க.
வீட்டுக்காரி கேட்டாலே பதில் இல்ல.

ஆமா, துரைமார் கப்பலேறினப்போ அவங்க பங்களாவுல வச்சிருந்த துவக்கெல்லாம் எங்க போச்சு?
கேகாலைப் பக்கம் யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா?