பின்னால் வருவோர்க்கும் பாதை

அடர்ந்த பனி விழுந்த மலையில் முதலில் நடப்பவருக்குப் பாதை இல்லை. அவருக்குப் பின்னால் வருபவருக்கே பாதை உண்டு. முன்னே சென்றவரின் கால்கள் அழுத்திய தடமே அங்குப் பாதையாகிறது. அந்தத் தடம் நேரிய வழியில் சென்றால் பின்னவர் பிழைப்பார். தவறான பள்ளத்தாக்கில் இறங்கினால் அவரும் அதிலேயே இறங்குவார். குளிர்கால மலைநடையின் அறம் இந்தச் சிறிய உண்மைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாஷிங்டன் மலை நிற்கிறது. அதன் உயரம் 1,917 மீட்டர்தான். மலேசியாவின் தாகான் மலைகூட அதைவிட உயரமானது. ஆயினும், உயரத்தைக் கொண்டு மலையை எடைபோடுவது ஆளின் உயரத்தைக் கொண்டு அவரது அறிவை எடைபோடுவது போன்றதாகும். பல திசைப் புயல்கள் வந்து மோதும் இடம் அது. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அதன் உச்சியிலுள்ள வானிலை ஆய்வு நிலையத்தார் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றை அளந்தனர். 2023 பிப்ரவரியில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 44 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. காற்றும் சேர்ந்துகொண்டதால் உடல் உணரும் குளிர் உறைநிலைக்குக் கீழே 78 பாகையை எட்டியது.

இத்தகைய மலையில் கோடைப்பாதை வேறு, குளிர்காலப் பாதை வேறு. ஊசியிலைக் காட்டுக்குள் நடப்பவர்கள் மிதித்து மிதித்து இறுகிய பனி, நடுவே ஒடுங்கிய வரப்பைப் போல் உயர்ந்து நிற்கும். அதன்மேல் நடந்தால் கால் தாங்கும். ஓரடி விலகினால் இடுப்பளவு புதையும். இளமரங்களின் கிளைகளுக்கு அடியில் பனி நிரம்பாத குழிகள் மறைந்திருக்கும். மேலே வெண்மை, உள்ளே வெறுமை! மரங்கள் முடியும் எல்லையைக் கடந்தால் நிலைமை மாறும். அங்கே காற்று பனியை வாரிச் சென்றுவிட, பாறைமேல் கண்ணாடி போன்ற பனிக்கட்டியே எஞ்சும். வழிகாட்டக் குவித்து வைத்த கற்குவியல்கள் மூடுபனியில் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாமல் மறையும்.

எனவேதான் அங்குச் செல்வோர் இருவகைக் கருவிகளைச் சுமக்கின்றனர். மென்பனியில் புதையாதிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகன்ற சட்டங்கள் ஒருவகை. பனிக்கட்டியில் வழுக்காதிருக்க மாட்டும் இரும்பு முட்கள் மற்றொரு வகை. வெப்ப நாட்டினர்க்கு வியப்பூட்டும் பாடங்களும் உண்டு. வெயிலில் உடலைக் காக்கும் வியர்வை, குளிரில் உயிருக்குப் பகையாகும். நனைந்த பருத்தியாடை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலால், அறிந்தவர்கள் சற்றுக் குளிரோடே நடையைத் தொடங்குவர். வியர்க்கும் முன்னரே மேலாடையைக் களைவர். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைப்பர். நீர் மேற்புறத்திலிருந்தே உறையும் என்பதால், அப்போது புட்டியின் வாய் அடைபடாது.

அகன்ற சட்டம் கட்டாமல் நடப்பவர், இறுகிய தடத்தில் ஆழ்ந்த குழிகளை விட்டுச் செல்வார். இரவில் அக்குழிகள் கல்லாய் உறையும். மறுநாள் வருபவரின் கணுக்கால் அதில் முறியலாம். தன் வசதிக்காகச் சட்டத்தை வீட்டில் விட்டு வந்தவர், முகம் அறியாத ஒருவரின் காலுக்குக் குழி வெட்டிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இந்த உண்மையின் உச்ச வடிவம் 1982 ஜனவரியில் வெளிப்பட்டது.

அம்மாதம் 23ஆம் நாள் இரண்டு இளைஞர்கள் வாஷிங்டன் மலையில் உறைந்து நின்ற ஒரு பனிப் பிளவில் ஏறினர். ஒருவர் ஹியூ ஹெர், அகவை 17, பாறை ஏறுவதில் சிறுவயதிலேயே புகழ் பெற்றவர். மற்றவருக்கு அகவை 20. பிளவை ஏறி முடித்தவுடன் திரும்பியிருக்கலாம். உச்சி அருகில்தானே இருக்கிறது என்று இன்னும் சிறிது தொலைவு சென்றனர். வெண்புயல் சூழ்ந்தது. திசை மாறியது. வந்த வழிக்குப் பதிலாக மலையின் மறுபுறத்துப் பெரும்பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டனர். மூன்று இரவுகள் அங்கேயே கழிந்தன.

அவர்களைத் தேடி மீட்புக் குழுவினர் புறப்பட்டனர். 25ஆம் நாள், தேடச் சென்ற ஆல்பர்ட் டவ் என்னும் 28 வயதுத் தொண்டர் பனிச்சரிவில் சிக்கி உயிர் துறந்தார். தாம் தேடிய இளைஞர்களை அவர் கண்டதே இல்லை.

மறுநாள் அப்பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, பனியில் சில காலடித் தடங்களைக் கண்டார். ஒழுங்கற்றுத் தள்ளாடிய தடங்கள் அவை. அவர் அவற்றைக் கடந்து போய்விடவில்லை, பின்தொடர்ந்தார். தடங்களின் முடிவில் இருவரும் உயிரோடு இருந்தனர். வழி தவறிய காலடிகளே அவர்களைக் காத்தன. பிறர் தடத்தைப் படிக்கத் தெரிந்த கண்களே அவர்களுக்கு வாழ்வளித்தன.

பனிக்கடியால் ஹெர் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். உடன் சென்றவரும் ஒரு காலையும் கைவிரல்களையும் இழந்தார். ஹெர் தமக்கெனச் செயற்கைக் கால்களை வடிவமைத்து மீண்டும் பாறை ஏறினார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகி, கால் இழந்தோர்க்கு இயற்கை நடையை மீட்டுத்தரும் கருவிகளை உருவாக்கினார். இந்த வெற்றியைச் சொல்வோர் பலர். அதற்கு முன்னே பனிக்குள் புதைந்த ஓர் உயிரையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். அந்தக் கடனைத் தாம் சுமப்பதை ஹெரும் மறைத்ததில்லை.

உச்சியை அடைவது மலையேற்றத்தின் பாதி மட்டுமே. திரும்பி வருவதே மறுபாதி. டிசம்பர் இறுதியில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரந்தான். ஆகவே, இத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மலைமேல் ஆசை முடிவு செய்ய விடக்கூடாது. அப்படித் திரும்புபவரைக் கோழை என்பது அறியாமை. அவர் தம் உயிரை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. தம்மைத் தேடி இருளில் புறப்பட்டிருக்கக்கூடிய, பெயர் தெரியாத ஒருவரையும் அவருடைய வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த பனி பெய்ததும் தடங்கள் அனைத்தும் மறையும். மீண்டும் ஒருவர் முதலில் நடப்பார். அவருக்குப் பாதை இராது. ஆனால், பின்னால் ஒருவர் வருகிறார் என்னும் நினைவு இருந்தால் போதும். அவர் காலை எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்த நினைவே காட்டிவிடும்.