புகையான் வந்த வயல்

மெல்போர்னில் வெயில் கொளுத்தும் டிசம்பர் லீவில் பிள்ளைகளை மன்னார்குடிப் பக்கம், அப்பாவின் ஊருக்குக் கூட்டிப்போனோம். அங்கே மூன்று நாளாகச் சூரியனையே காணோம். மழை விட்டிருந்தது; ஆனால் மேகம் நகரவில்லை, காற்றும் இல்லை. துணி காயவில்லை என்று பெரியம்மா புலம்பிக்கொண்டிருந்தார்.

வரப்பில் நடக்கும்போது என் ஒன்பது வயது மகன்தான் முதலில் பார்த்தான். பச்சைச் சம்பாப் பயிரின் நடுவே, ஒரு அறை அகலத்துக்கு வட்டமாகக் காய்ந்து கிடந்தது. "யாரும்மா இங்க நெருப்பு வச்சது?"

"நெருப்பு இல்ல கண்ணு, புகையான்" என்றார் பெரியப்பா. புகை பட்டதுபோலப் பயிர் தீய்ந்துபோவதால் அந்தப் பூச்சிக்கே அப்படிப் பெயர்.

வட்டத்தின் ஓரத்தில் ஒரு தூரைப் பிரித்துக் காட்டினார். மேலே ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றிப் பழுப்பாகப் பூச்சிகள் அப்பியிருந்தன. என் கையையும் உள்ளே விடச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்ட குளியலறை மாதிரி புழுக்கம். வெதுவெதுப்பு, ஈரம், நிழல், சாறு நிறைந்த தண்டு: புகையானுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது கிளம்பிவிடுமாம்.

ஆனால் வானத்தை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து வயலுக்கும் அதே மேகம்தான். அங்கே நடவிலேயே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டிருந்தார்கள். (பட்டம் என்றதும் என் மகன் வானத்தைப் பார்த்தான். இது காற்றும் வெளிச்சமும் உள்ளே போக விடும் இடைவெளி.) பெரியப்பா இடம் விடவில்லை. மழையில் பயிர் மஞ்சளாகிவிட்டதென்று யூரியாவையும் கூடுதலாகப் போட்டார். பயிர் அடர்ந்து கருகருவென்று நின்றது. அதற்கு முன்பே இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடித்த மருந்தில், புகையானைத் தின்னும் சிலந்திகளும் போய்விட்டன.

அந்த யூரியாவுக்குப் பணம் அனுப்பியது என் அப்பா. "மஞ்சளா இருக்குன்னான், போட்றான்னு சொன்னேன்" என்றார் போனில். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. குத்தகை நிலம் வேறு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் நெல் அளக்கணும்.

தண்ணீரை வடித்தால் கொஞ்சம் அடங்கும். மடையைத் திறந்தார்கள், வடிகாலே நிரம்பிக் கிடந்ததால் வயல் தண்ணீர் அசையவில்லை. பயிரை விலக்கி, தூர்களுக்கு அடியில் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தார்கள். மேலே பன்னீர் தெளிப்பதுபோல அடித்தால் அந்தப் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது.

ராத்திரி திண்ணையில் டியூப்லைட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூச்சிகள். பெரியப்பா எழுந்து வந்து நின்றார். பயிர் செழிப்பாக இருக்கும்வரை புகையானில் குட்டை இறக்கைதான் அதிகம். அவை முட்டையிட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கும். கூட்டம் பெருகி, பயிர் காய ஆரம்பித்தால் நீள இறக்கையோடு வளர்ந்து வேறு வயல் தேடிப் பறக்கும்.

"தம்பி, உன் போன்ல பெருசு பண்ணிப் பாரு. இறக்கை நீளமா இருக்கா?"

மகன் சுவரில் ஒட்டியிருந்த ஒன்றைப் படம் எடுத்து, விரல்களால் விரித்துப் பார்த்தான்.

"நீளம்தான் தாத்தா."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழ வயல் பக்கம் நடந்தார்.