சூடு தணிந்தால் வேகம் வரும்

பத்து நிமிஷம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய கேம் திடீரென்று 20-க்கு இறங்கினால் என்ன செய்வீர்கள்? "கார்டு போச்சு, புதுசு வாங்குப்பா" என்றார் கடைக்காரர் ஒருவர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் கேட் வரைபடங்களும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான். அம்மா தோட்டை அடகு வைக்கக் கிளம்பினார். "ரெண்டு நாள் பொறும்மா" என்றேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. விடியற்காலையில் ஒழுங்காக ஓடிய அதே கேம், மதியம்தான் திணறியது. அளந்து பார்த்தேன்: பிராசஸர் 98 டிகிரி! சூடு மிஞ்சினால் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2000-ல் வந்த பெண்டியம் 4-லேயே இந்த ஏற்பாடு உண்டு. 60 ஃபிரேமுக்கு, ஒவ்வொன்றையும் சுமார் 16.7 மில்லி செகண்டில் முடிக்க வேண்டும். தளர்ந்த பிராசஸரால் முடியுமா? "உச்சி வெயில்ல நானும் மெதுவாத்தான்டா கல்லு வைப்பேன்" என்றார் கொத்தனாரான அப்பா.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் தூசி. அடியில் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். இப்போது மதியத்திலும் 60!

எந்தப் பாகத்தையும் மாற்றுமுன் அளந்து பாருங்கள். நாம் படிக்கும் டிப்ளமோவுக்கு அதுதானே அர்த்தம்!