ரெண்டு கல்லா, ஒரு மகாராஜா

பி.காம். படித்ததில் ஒரு தொல்லை. வீட்டில் எந்தக் கணக்கு உதைத்தாலும் நம் தலையில் கட்டி விடுவார்கள்.

போன மாசம் அப்படித்தான். அப்பாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை. சித்தப்பாவுக்கு சிதம்பரம் கீழவீதியில் இன்னொன்று. இரண்டிலும் வியாபாரம் படுத்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கடன் வேறு.

"ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா சரக்கை மொத்தமா வாங்கலாம், செலவு குறையும். பார்த்துச் சொல்லுடா" என்றார் அப்பா.

எனக்கு ஏர் இந்தியா ஞாபகம் வந்தது. (கடலூரில் விமானத்தை அண்ணாந்துதான் பார்க்க முடியும். அதனாலென்ன?)

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்த குட்டி விமானத்தில் பயணிகள் கிடையாது, தபால்தான். அதை சென்னை வரை கொண்டு வந்தவர் அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட். 1946-ல் கம்பெனிக்கு ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. மீசைக்கார மகாராஜா பிறந்ததும் அதே வருஷம். 1953-ல் விமானக் கம்பெனிகளை சர்க்கார் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று பாகம் பிரித்து வைத்தது.

2007-ல் இரண்டையும் சேர்த்தார்கள். மொத்தக் கொள்முதல், செலவு மிச்சம்... அப்பா சொன்ன அதே காரணங்கள்! ஆனால் அங்கே முக்கியமாக போயிங், இங்கே ஏர்பஸ். சம்பளம் வேறு, சீனியாரிட்டி வேறு. போதாக்குறைக்கு, சேருவதற்கு முன்பே இருவருமாக 111 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் கடன்.

2012-ல் வந்ததய்யா சண்டை! புது போயிங் 787 ஓட்டும் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்கும் கொடுப்பதா என்று பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் கிட்டத்தட்ட இரண்டு மாசம் வேலைக்கு வரவில்லை. கல்யாணமாகி அஞ்சு வருஷமாகியும் 'அவங்க', 'நாங்க'!

2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பிப் போகும்வரை ஒரு வருஷம்கூட நிகர லாபம் இல்லை. அப்போது 61,000 கோடிக்கு மேல் இருந்த கடனில் டாடா ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. ரொக்கம் 2,700 கோடி. மிச்சக் கடன் சர்க்கார் தலையில். டாடாவையும் இணைக்கிற ஆசை விடவில்லை; 2024 நவம்பரில் தங்கள் விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு சேர்த்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "போர்டுல யார் பேரு முதல்ல? கல்லாவுல யாரு உட்காருவாங்க?" என்று கேட்டேன். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சித்தப்பாவின் காபியில் ஆடை படிந்திருந்தது. "கடனை அண்ணன் தலையில கட்டறதுக்கு நான் வரலைடா" என்றார் மெதுவாக.

எனக்கு சுருக்கென்றது. அந்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அதைத்தானே சொல்லியது?

அப்பா என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினார். "கடை தனித்தனியாவே இருக்கட்டும். பேங்க்ல அந்தக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன்."

கணக்குப்படி அது இதைவிடப் பெரிய தப்பு. பி.காம். வாயைத் திறக்கவில்லை.

"வர்றேண்ணே" என்று சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட நானும் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போனேன்.