ஃபராமிரும் எயோவினும்

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல் என்றதும் எல்லாரும் அரகார்ன்-ஆர்வென் காதலைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு ஃபராமிர்-எயோவினுக்கு.

இருவரும் போரில் காயம்பட்டு மினாஸ் திரித் வைத்தியசாலையில் கிடப்பவர்கள். எதிரிப் படையின் நாஸ்கூல் தலைவனையே வீழ்த்தியவள் எயோவின். ஆனாலும் சாவைத்தான் தேடுகிறாள். ஃபராமிர் பெரிதாக அறிவுரை சொல்வதில்லை. மதில்மேல் கூடவே நிற்கிறான். குளிருக்குத் தன் தாயின் நீல மேலங்கியைக் கொடுக்கிறான். பிறகு, 'இது இரக்கமில்லை' என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறான். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சில நாளில் காதலா என்று கேட்பவர்கள் உண்டு. உலகமே முடியப்போகிறது, வேறு எப்போது காதலிப்பதாம்?

2003இல் திரையரங்குக்கு வந்த படத்தில் இந்தக் காதலை ஏறக்குறைய வெட்டிவிட்டார்கள். நாவலின் ஆறாம் புத்தகம், ஐந்தாம் அத்தியாயம். படித்துப் பாருங்கள்.