பாடநூலில் வந்த ஊர்

மருத்துவத் தகுதித் தேர்வுக்கான கையேடு எதைப் புரட்டினாலும் "பரவலாகக் காணப்படும் நோய்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். எங்கே பரவலானவை, யாரிடம் பரவலானவை என்னும் கேள்விகளுக்கு அப்பகுதியில் இடமிருப்பதில்லை. தேர்வு எழுதுபவர் அவற்றைக் கேட்பதும் அரிது. கேட்க அவருக்கு நேரம் இல்லை. கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் இத்தேர்வுக்குப் படித்த ஒரு மாணவி அவற்றைக் கேட்க நேர்ந்தது. அதற்குக் காரணமானது அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு வரிதான்.

முதலில் தேர்வைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் இந்திய மாணவர்கள் இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதற்கு எழுத வேண்டிய இத்தகுதித் தேர்வு 2002இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளின்படி நடைபெறுகிறது. தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை இதனை நடத்துகிறது. மொத்தம் 300 வினாக்கள், 300 நிமிடங்கள். 150 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில்தான் எழுதுவோரில் பெரும்பான்மையினர் ஒவ்வொரு முறையும் தேறாமல் போகின்றனர். பிற மொழி பேசும் நாட்டில் ஐந்தாறு ஆண்டுகள், குடும்பத்தின் கடன், திரும்பிய பிறகு "இன்னும் டாக்டர் ஆகலையா?" என்னும் உறவினர் விசாரணை என அத்தனையும் அந்த 150 என்னும் எண்ணின் மேல் வந்து அமர்கின்றன.

கிர்கிஸ்தானில் படிப்பை முடித்து வந்த இம்மாணவிக்கும் இதே நிலைதான். தந்தை தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின் அந்த ஊரின் ஆயிரக்கணக்கானோர் வாழ்வு அப்படித்தான் அமைந்தது. குடும்பம் பின்னர் வாடகை குறைந்த பேத்தமங்களாவுக்குக் குடிபெயர்ந்தது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு இவ்வூர் ஏரியை நிரப்பிச் செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்க நகரத்தின் தாகத்துக்கு நீர் அனுப்பப்பட்டது இங்கிருந்துதான். ஆழத்தில் உழைத்தவர்கள் குடித்த நீரின் ஊர் என்று பேத்தமங்களாவைச் சொல்லலாம்.

மீள்பார்வைக்கு இத்தகைய மாணவர்கள் கையாளும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு நோயையும் இரண்டு மூன்று அடையாளச் சொற்களாகச் சுருக்கிக்கொள்வார்கள். பூச்சிமருந்து அருந்தியவர் என்றால் கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கும், வாயில் நீர் வழியும், மருந்து அட்ரோபின். பாம்புக்கடி என்றால் இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை. காய்ச்சலோடு உடலில் கருகிய சிறு புண் என்றால் ஸ்க்ரப் டைபஸ். இம்முறையைப் பலர் இகழ்வதுண்டு. இகழத் தேவையில்லை. நள்ளிரவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நுரை தள்ளிய வாயோடு ஓர் உழவர் கொண்டுவரப்படும்போது, அட்ரோபின் என்னும் சொல் தயங்காமல் நினைவுக்கு வருவது ஓர் உயிர்.

ஆயினும் சுருக்கும்போது விடுபடுவதும் உண்டு. சமூக மருத்துவப் பகுதியில் அம்மாணவி எழுதிவைத்திருந்த குறிப்பு இது: "சிலிக்கோசிஸ். மேல் மடல்களில் முடிச்சுகள். எக்ஸ்ரேயில் பனிப்புயல் தோற்றம். நிணநீர்க் கணுக்களில் முட்டையோடு போன்ற சுண்ணப் படிவு. உடன் வருவது காசநோய். மருத்துவம் இல்லை, தூசிக் கட்டுப்பாடே வழி. இந்தியாவில் முதலில் அறிவிக்கப்பட்டது கோலார் தங்கச் சுரங்கம், 1947. பாதிப்பு 43.7 சதவிகிதம்." இந்தியாவில் மருத்துவம் பயிலும் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் சமூக மருத்துவப் பாடநூல் தரும் செய்திகள்தாம் இவை. நான்கு விடைகளில் ஒன்றாக "கோலார்" வந்தால் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மதிப்பெண்.

அவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெயர் காதில் விழுந்து அவருடைய ஆயா கேட்டார்: "இன்னா கண்ணு, நம்மூரப் பத்தியா போட்டிருக்கு?" மாணவி விளக்கினார். கல் தூசி நெஞ்சில் படிந்து வரும் நோய், நூறு பேரில் நாற்பத்து மூன்று பேருக்கு மேல் இருந்தது என்றார். ஆயா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்க தாத்தாவுக்கு டி.பி.ன்னுதானே ரெண்டு தபா மாத்திரை குடுத்தாங்க," என்றார்.

அந்தத் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். தரைமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிய சுரங்கம் அது. அவருக்கு இருந்தது காசநோயா, சிலிக்கோசிஸா, இரண்டுமா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே படம் வீட்டில் இல்லை. குறிப்புச் சீட்டில் இருந்தது இரண்டெழுத்து மட்டுமே. பேத்தி அங்கே தீர்ப்பு எதுவும் கூறவில்லை. ஆனால் "உடன் வருவது காசநோய்" என்று தாம் எழுதிய மூன்று சொற்களுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை அன்றுதான் கண்டார்.

அச்சொற்களை விரித்துப் பார்க்கலாம். மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் மூச்சோடு நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. அங்கே காவல் புரியும் விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கிச் செரிக்க இயலாமல் மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு முடிச்சு உருவாகிறது. காசநோய்க் கிருமியைத் தடுக்கவேண்டியவையும் அதே விழுங்கணுக்கள்தாம். காவலர் மடிந்த வாசலில் கிருமி எளிதாக நுழைகிறது. ஆகவே சுரங்கத் தொழிலாளிக்குக் காசநோய் என்று எழுதிய மருத்துவர் பொய் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. பாதியை எழுதினார். எழுதப்படாத மறுபாதியில்தான் அந்நோயாளியின் உரிமை இருந்தது. காசநோய் எவருக்கும் எங்கும் வரக்கூடிய தொற்று என்று கருதப்படும். சிலிக்கோசிஸின் பிறப்பிடம் பெரும்பாலும் தொழிலிடமே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற நோய் அது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியதும் ஆகும். எந்தச் சொல் சீட்டில் ஏறுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு அல்லது இல்லை.

"முதலில் அறிவிக்கப்பட்டது" என்னும் தொடரும் சிந்திக்கத் தக்கது. ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது 1880களில். பாடநூல் சொல்லும் ஆண்டு 1947. இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல். மைசூர் அரசு சிலிக்கோசிஸுக்கென விதிகளை வகுத்ததோ 1940இல். அதாவது "முதல்" அறிவிப்புக்கு ஏழாண்டு முன்பே அரசு அந்நோயை அறிந்திருந்தது. ஆகவே 1947 என்பது ஆய்வேட்டின் வயது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களாய் அந்த ஆழத்தில் இறங்கிய தலைமுறைகளின் இருமல் அதைவிட மூத்தது. தேர்வில் சரியான விடை 1947தான். அதை மாற்றி எழுதச் சொல்வது மடமை. விடையை எழுதும் கை அந்த இடைவெளியையும் அறிந்திருக்கலாம் என்பதே செய்தி.

இவ்வரலாறு கோலாருக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்நோயை நெடுங்காலம் "சுரங்கத் தொழிலாளர் காசம்" என்றே அழைத்தனர். பெயரிலேயே இரு நோய்களும் குழம்பிக் கிடந்தன. 1930இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கில் சிலிக்கோசிஸ் குறித்து மாநாடு கூட்டியது. எனினும் அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது 2018இல். உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது 2019இல். அறிவியல் ஒரு நோயை அறிந்துகொள்வதற்கும், அதற்கு ஆளானவர் கைக்கு ஒரு தொகை வந்துசேர்வதற்கும் இடையே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள்.

ஆயாவுடன் நடந்த அந்த உரையாடலுக்குப் பின் மாணவி தம் குறிப்பேட்டில் செய்த மாற்றம் சிறியது. ஒவ்வொரு நோய்க்கும் எதிரே ஒரு கட்டம் கூடுதலாக இட்டு, "இங்கே யாருக்கு?" என்று தலைப்பு எழுதினார். ஃப்ளூரோசிஸுக்கு எதிரே நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோலார் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பற்களில் கறை. இன்னும் மிகுந்தால் எலும்புகள் இறுகும், முதுகு வளையாது. ஏரிகள் வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகின்றன. பாறையின் உப்புகளும் அந்நீரோடு மேலே வருகின்றன. பள்ளித் தோழிகளின் பல்லில் அவர் தினமும் கண்ட பழுப்புக் கோடுகள்தாம் கையேட்டில் நிறப்படமாக இருந்தன. பல் துலக்காததால் வந்தது என்று ஆசிரியர் கடிந்துகொண்ட கோடுகள் அவை.

சிலிக்கோசிஸுக்கு எதிரே எழுதுவது கடினமாக இருந்தது. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. இனி இங்கே அந்நோய் இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் தூசியை விட்டு விலகிய பிறகும் வளரக்கூடிய நோய் அது. மாவட்டத்தில் கல் குவாரிகள் இருக்கின்றன; கல் உடைப்பவருக்கும் அறுப்பவருக்கும் தூசி ஒன்றே. முன்னாள் சுரங்கத் தொழிலாளி இன்று சுரங்க மருத்துவமனைக்குச் செல்வதில்லை. பேத்தமங்களாவிலோ பங்காரப்பேட்டையிலோ ஒரு சிறு கிளினிக்கில், "மூச்சு வாங்குதும்மா" என்னும் ஒற்றை வரியோடு வந்து அமர்வார். தேர்வு வினா "55 வயது ஆண், இருபது ஆண்டுகள் சுரங்கப் பணி" என்று தானாகவே தொடங்கித் துப்பைக் கொடுத்துவிடுகிறது. நோயாளி அப்படித் தொடங்குவதில்லை. கேட்டால்தான் சொல்வார்.

அந்தக் கேள்வியும் பாடத்திட்டத்தில் இருப்பதுதான். 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்கும் வினாக்களோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கச் சொன்னார். "தொழில் மருத்துவத்தின் தந்தை யார்?" என்று அவர் பெயரும் ஒரு மதிப்பெண் வினாவாகிவிட்டது. மாணவி அக்கேள்வியைத் தம் ஊருக்கு ஏற்ப இறந்தகாலத்துக்கு மாற்றி அந்தக் கட்டத்தில் எழுதிவைத்தார்: "முன்னே என்ன வேலை செஞ்சீங்க?"

இந்தக் கூடுதல் கட்டத்தால் மதிப்பெண் உயராது. படிக்கும் நேரத்தில் ஒரு பங்கை அது தின்னவும் செய்யும். பயிற்சி மையங்கள் இதைப் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆனால் தேர்வு என்பது ஐந்து மணி நேரம். அதன் பின்னே முப்பது நாற்பது ஆண்டுக்காலப் பணி இருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசும் நோயாளிகள் வரிசையாக வருவார்கள். அவர்களில் காசநோய்ச் சீட்டோடு வரும் ஒரு முதியவரிடம் அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டால், சீட்டில் இரண்டாவதாக ஒரு சொல் ஏறக்கூடும்.