கூலியும் பந்தியும்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசியை அளந்தெடுத்ததும், களைவதற்கு முன்னால், அதில் ஒரு பிடியை அள்ளிக் கோயிலுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுவார்கள். சேர்ந்த அரிசி காணிக்கையாகப் போகும். மிசோரம் மாநிலத்துப் பெண்களும் நூறாண்டுக்கு மேலாக இதையே செய்துவருகிறார்கள். உண்டு முடித்து மிஞ்சியதைக் கொடுக்காமல், பசி இருக்கும்போதே எடுத்து வைப்பது இதன் அழகு. வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி குறைவதில்லை. பாளையங்கோட்டையில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நம் மக்களின் காசிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்ப முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் இப்படிக் கொடுத்துப் பழகிய கைகள் இருந்தன.

கொடுப்பதில் நம் சபைகளை நான் குறை சொல்லமாட்டேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஆயிரக்கணக்கில் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதையெல்லாம் கொடுக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். இன்னொருவருக்குச் சேரவேண்டியதை அவரிடம் சேர்ப்பதில் அந்த வசதி இல்லை. விசுவாசம் தினப்படி வாழ்க்கையில் உரசிப் பார்க்கப்படுவது அங்கேதான் என்பது என் எண்ணம்.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக் கூலியாளின் சம்பளத்தை அன்றன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. அவன் அதை நம்பியே இருக்கிறான் என்று காரணமும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. லேவியராகமம் 19 இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்கிறது. யாக்கோபின் நிருபமோ, பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவதாக எழுதுகிறது. மத்தேயு 20-இல் வரும் திராட்சத்தோட்டக் கதையில், கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்த எஜமானின் தயாளத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதே எஜமான் சாயங்காலமானதும் தன் காரியக்காரனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் அன்றைக்கே கணக்கைத் தீர்க்கச் சொன்னதை யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை.

எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. தச்சு வேலை செய்தவரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்புகிறோம். மறுநாள் அவர் வேறு வேலைக்குப் போகமுடியாமல் நம் வாசலுக்கு வருகிறார். நமக்கு அது மறதி. அவருக்கு ஒரு நாள் பிழைப்பு. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தில் வராத நாளைக் கணக்காகக் கழித்துவிட்டு, அந்த ஞாயிறே காணிக்கைத் தட்டில் பெரிய நோட்டைப் போடுகிறோம். கழித்த தொகையும் போட்ட தொகையும் ஒன்றாகவே இருந்துவிடலாம். அப்படியானால் அந்தக் காணிக்கை யாருடையது? நாங்கள் இரவு வீட்டு ஜெபத்துக்கு உட்காருவதற்கு முன், யாருக்காவது கொடுக்கவேண்டியது நிற்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கியிருக்கிறோம். ஜெபத்தின் நீளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கூலியைவிடக் கடினமானது பந்தி. கையிலிருந்து பணம் போய்விடும். பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைக்க மனம் லேசில் நகராது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா இதை உலகத்தின் முன்னால் சொன்னார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில், அவர்கள் செய்த தியாகங்களையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டு பேசினார். அதன் பிறகு, எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும் என்று கேட்டார். இந்திய ஊழியரைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்காத மிஷனெரிகளை மனத்தில் வைத்துச் சொன்ன பேச்சு அது. கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் கழித்து அவரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். உயிரையே கொடுக்கத் துணிந்து கப்பலேறி வந்த நல்லவர்களுக்கும், ஒரு தட்டுச் சோற்றைப் பகிர்ந்து உண்பது கைகூடவில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. நல்லவர்களுக்கே இது இவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

நம் கதையும் மேலானதல்ல. வடக்கன்குளத்தில் கத்தோலிக்க மக்கள் 1872-இல் எழுப்பிய பெரிய கோயிலில், இரு சாதிப் பிரிவினர் தனித்தனியே உட்கார இரண்டு கூடங்களும் நடுவே சுவரும் இருந்தன. இரண்டும் சேரும் முனையில் பீடம். ஒரே பூசையை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பங்குத்தந்தை அந்தச் சுவரை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. சீர்திருத்த சபைகளும் இதில் மார்தட்ட முடியாது. சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்த்து வெளியேறியவர்கள் பலர்.

அதனாலேயே எனக்கு அசனம் என்கிற சபை விருந்தின் மேல் இவ்வளவு மதிப்பு. பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே கூடிச் சமைத்து, தரையில் வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் ஒரே சோறும் ஒரே குழம்பும் உண்ணும் அந்த நாளில், சபை தன் பிரசங்கத்தைத் தானே கேட்கிறது. வருடத்தில் ஒரு நாள் முடிகிற காரியம் மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை? திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் வாய்வைத்துப் பருகிவிட்டு வருகிறோம். வீட்டில் வேலை செய்கிறவருக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் தனி டம்ளர் இருக்கிறது. சபைப் பத்திரிகையில் வரன் தேடும் விளம்பரத்தைப் பாருங்கள்: மறுபடி பிறந்தவராக இருக்கவேண்டும், ஜெபிக்கிறவராக இருக்கவேண்டும், அதோடு இன்ன சாதியாகவும் இருக்கவேண்டும். மூன்றையும் ஒரே வரியில் எழுதக் கை கூசவில்லை. நம் விசுவாச வாழ்க்கையின் பெரிய காயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதைத் தொடாமல் நேரந்தவறாமை பற்றியும் கெட்ட வார்த்தை பேசாமை பற்றியும் இளைஞர்களுக்கு எத்தனை முகாம் நடத்தினாலும் அவர்கள் நம்மை நம்பமாட்டார்கள். அவர்களுக்குக் கண் இருக்கிறது.

எங்கள் சேகரத்துக் கோயிலில் ஒரு ஞாயிறு போதகர் கலியாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார். இரண்டு பேரும் நம் பிள்ளைகள்தான். இரண்டு வேறு சாதி. தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கலாம் என்று வழக்கம்போல் கேட்டபோது கோயிலில் ஒருவரும் எழவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒருவரும் பேசவும் இல்லை. பெண்ணின் தாயார் ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்தபடி இருந்த இடத்திலேயே இருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தோம். அப்போது பின்வரிசை ஆச்சி ஒருவர், முழங்கால் வலியோடு மெல்ல நடந்து போய், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏட்டி, முகூர்த்தத்துக்கு என்ன புடவை எடுத்திருக்க?" என்று கேட்டார். பிறகு வாசல் பக்கம் நின்ற எங்களைப் பார்த்து, "என்ன நிக்கிய? வந்து கேளுங்க, பந்திக்கு எத்தனை பேரு, யாரு பரிமாறுறதுன்னு பேசணும்லா" என்றார். நாலைந்து பேர் திரும்பி உள்ளே போனோம்.